கடல் கடந்த மடல்: கல்யாண ஆல்பம்



2025 மே 3, சனிக்கிழமை, இங்கே சிங்கப்பூரில் பொதுத்தேர்தல். மறுநாள் தமிழ் ஆராதனை முடிந்து வாசலில் காபி குடித்துக்கொண்டே பேசியதெல்லாம் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதுதான். செவ்வாய்க்கிழமை டில்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அன்று ராத்திரியே எங்கள் ஊரான திருவள்ளூர்ப் பக்கத்து ஆரணியிலிருந்து அத்தை போன். "இன்னாடா, அந்த மூணாறு பையன் கேஸு ஜெயிச்சிட்சாமே?"

மூணாறு பையன் என்றது அ. ராஜாவை. தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப்போன தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2021இல் கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சிக்காக நின்று சட்டமன்றம் போனவர். அவர் கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்று தோற்றவர் வழக்குப் போட்டார். தேவாலயப் பதிவேடு கோர்ட்டுக்கு வந்தது. கல்யாண போட்டோவும் வந்தது; மாப்பிள்ளை போட்ட கோட்டு, பொண்ணு போட்ட உடுப்பு எல்லாம் சாட்சி. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது. அதைத்தான் உச்ச நீதிமன்றம் மாற்றி எழுதி, ராஜாவின் பதவியைத் திருப்பிக் கொடுத்தது.

அத்தைக்குச் சந்தோஷம். எனக்குப் பாதிதான். தான் கிறிஸ்தவன் இல்லை என்று நின்றதால் பிழைத்தார் ராஜா. "ஆமாம், கிறிஸ்தவன்தான்" என்று சொல்லியிருந்தால் தொகுதி போயிருக்கும்.

எல்லாம் 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி செய்கிற வேலை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில்லை என்றது அது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் உள்ளே விட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரான நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். மதம் மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் சரி. காலனி மட்டும் அதே காலனி, ஆற்றோரம். ஊர்த்தெருவுக்கு ஞானஸ்நானம் தெரியாது.

அதனால்தான் எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் முருகன் பெயர், பீடத்தின் முன்னால் அப்போஸ்தலர் பெயர். ஜாதி சர்டிபிகேட் வாங்கப் போகிற அன்று அத்தை கழுத்துச் சிலுவையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போவார். பொய்தானே என்று கேட்கலாம். சூசையின் கதையைக் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

சூசை சென்னை மவுண்ட் ரோடு பக்கம் தெருவோரத்தில் செருப்பு தைத்தவர். 1982இல் அரசு, தெருவோரத்துச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசி, அதே தோலோடு வேலை செய்தவர்களுக்குக் கிடைத்தது, கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் போதாது, அதன் கொடுமையும் பழைய அளவிலேயே தொடர்கிறது என்று நிரூபி என்றார்கள். 1985இல் வழக்கு தள்ளுபடி. ஒரு பெட்டிக்கடைக்கு!

நான் இருக்கிற ஊர் சொர்க்கமில்லை. ஆனால் இங்கே 1988 முதல், வேட்பாளர்கள் அணியாக நிற்கும் குழுத்தொகுதி என்று ஒன்று உண்டு. அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்கவேண்டும். அதற்கும் ஒரு குழு உட்கார்ந்து சான்றிதழ் தருகிறது. உன்னை நீ இந்தியனாக நினைக்கிறாயா, அந்தச் சமூகம் உன்னை ஏற்கிறதா என்பதே கேள்வி. எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்பது அதில் வராது.

இந்தியாவிலோ, 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 1950 ஆணையின் அந்த மூன்றாவது பத்தியை எடுக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆணையத்துக்குக் குறைச்சலில்லை.

ஆரணி இருக்கிற திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி, தனித்தொகுதி. 2024இல் சசிகாந்த் செந்தில் அங்கே ஐந்தரை லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் காலனி ஓட்டும் அதில் சேர்ந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்து வரிசையில் நின்றான் அத்தை மகன். அவனுக்கு மட்டும் சர்டிபிகேட்டிலும் வேதாகமப் பெயர்தான். அந்தத் தொகுதியில் ஓட்டுப் போடலாம். வேட்பாளராக நிற்க முடியாது.

ஆகஸ்ட் 10 அன்று ஏதாவது ஒரு தேவாலய வாசலில் கருப்புக் கொடி தெரிந்தால், வண்டியை நிறுத்தி ஏன் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.