சென்னை ஏன் தோற்றது?

எங்கள் கன்னிவாடி கடைவீதியில் நான் காலையில் டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. இந்த ஏப்ரல், மே மாதங்களில் அங்கே அரசியல் பேச்சே இல்லை. ஆறரை மணிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வழக்கு ஆரம்பமாகியிருக்கும். ஒரே வழக்குதான்: சென்னை சூப்பர் கிங்ஸ் ஏன் இப்படித் தோற்கிறது?

கேட்கக்கூடிய கேள்விதான். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை கோப்பை வாங்கிய அணி. இந்த 2025-ல் பதினான்கு ஆட்டத்தில் நான்கே வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். கடைசி இடத்துக்குப் போனது இதுவே முதல் தடவை. அதுவும் சேப்பாக்கத்தில்! முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்ததோடு சரி. அதற்குப் பிறகு அங்கே ஆடிய ஐந்தும் தோல்வி. கொல்கத்தாவுடன் ஆடிய அன்று இருபது ஓவரில் 103 ரன். எதிரணி அதைப் பதினோராவது ஓவரிலேயே முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

டீ மாஸ்டர் சொல்வார்: "ஜெட்டாவுல ஏலம் எடுத்தப்பவே தோத்தாச்சுண்ணே. கையில காசை வச்சுக்கிட்டு, ஓஞ்ச ஆளாப் பாத்து எடுத்தாங்க."

வாழைக்காய் வியாபாரிக்கு வேறு கட்சி. "ருதுராஜுக்கு முழங்கை உடையாம இருந்தா கதையே வேற."

கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், கையில் போனோடு: "முதல் ஆறு ஓவர்ல மத்த டீமெல்லாம் அறுபது, எழுபதுன்னு அடிக்கிறான். நாம டெஸ்ட் மேட்ச் ஆடுறோம் மாமா."

"அஸ்வினுக்கு ஒம்பதே முக்கால் கோடி எதுக்கு?" என்று யாராவது ஆரம்பித்தால் ஓய்வுபெற்ற கண்டக்டருக்குக் கோபம் வந்துவிடும். "போன வருஷம் நம்ம திண்டுக்கல் டிராகன்ஸுக்குக் கப்பு வாங்கிக் குடுத்த மனுஷன்யா. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

எல்லாரையும் சொன்னார்கள். ஒரே ஒருவரை மட்டும் யாரும் சொல்லவில்லை. பேச்சு தோனி பக்கம் திரும்பினால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மேற்கே மலையைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

எனக்கு இந்த வழக்கு புதிதல்ல. 1976-ல் நான் புதுச்சேரியில் இளநிலை எழுத்தர். வயது இருபத்தைந்து. அதற்கு முந்தைய வருடம்தான் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து நம் ஹாக்கி அணி உலகக் கோப்பையை வாங்கியிருந்தது. மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் தங்கம் நிச்சயம் என்று ஆபீசில் எல்லாரும் இருந்தோம். வந்தது ஏழாவது இடம். 1928-லிருந்து எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் திரும்பாத அணி அது.

எங்கள் செக்‌ஷனில் அன்று நடந்த சண்டையை இன்றைக்கும் மறக்கவில்லை. கேப்டன் சரியில்லை, தேர்வுக் குழு சரியில்லை, இந்த ஆளை எடுத்திருக்க வேண்டும், அந்த ஆளை விட்டிருக்க வேண்டும். தரையைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. ஒலிம்பிக் ஹாக்கியை முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடத்தியது மான்ட்ரீலில்தான். புல்தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி, வளைத்து வளைத்துக் கொண்டுபோவது நம்முடைய கலை. புதுத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். கலையைவிடக் கால் வேகமும் நேர் அடியும் அதிகம் வேண்டும். நம் ஆட்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. எது அதுவரை ஜெயிக்க வைத்ததோ, அதையே நம்பிப் போனார்கள். தரை மாறியிருந்தது.

சென்னைக்கும் அதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2018-ல் முப்பது வயது தாண்டியவர்களை வைத்தே கோப்பை வாங்கினார்கள். 'அப்பாக்கள் படை' என்று கேலி செய்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். அனுபவம், நிதானம், கடைசி ஓவர் வரை காத்திருப்பது. அந்தச் சூத்திரம் அன்று பலித்தது. இன்று முதல் பந்திலிருந்தே அடிக்கிற ஆட்டம். அதே சூத்திரம்தான் இப்போது காலைக் கட்டுகிறது.

ஆனால் சூத்திரத்தை மாற்றவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார்? அங்கேதான் எனக்கு உறுத்தல்.

மார்ச் 28, பெங்களூருவுடன் சேப்பாக்கத்தில் ஆட்டம். 197 ரன் எடுக்க வேண்டும். நம் விக்கெட் ஒவ்வொன்றாக விழுகிறது. தோனி வந்தது ஒன்பதாவது ஆளாக, அஸ்வினுக்கும் பிறகு. ஆட்டம் அதற்குள் கைவிட்டுப் போய்விட்டது. அவர் 16 பந்தில் 30 அடித்தார். ஐம்பது ரன்னில் தோற்றோம். ஆனால் கடைசி ஓவரில் சிக்சர் பறந்தபோது மைதானத்தில் எழுந்த சத்தம், ஜெயித்தால்கூட அவ்வளவு வராது. அதற்கு முன்னால் நம் விக்கெட் விழும்போதே, அவர் வருவார் என்று எங்கள் தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். எழுபது தாண்டிய நானும் கை தட்டினேன். நம் அணியின் விக்கெட் விழுந்ததற்கு!

ஏன் உறுத்துகிறது என்றால், நானும் ஒரு காலத்தில் ஒன்பதாவது ஆளாக வந்து கைதட்டு வாங்கியவன்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே 'திக்தே' என்று ஒன்று உண்டு. வாத்தியார் வாசிக்க வாசிக்க நாம் எழுத வேண்டும். பிழைக்குப் பிழை சிவப்பு மை, மதிப்பெண் வெட்டு. அந்தச் சிவப்பு மை என் கையிலும் ஒட்டிக்கொண்டது. கண்காணிப்பாளர் ஆன பிறகு என் செக்‌ஷனில் யார் வரைவு எழுதினாலும் அடித்துத் திருத்தி நானே எழுதுவேன். நன்றாக எழுதக்கூடிய ஒரு பெண் இருந்தார். அவர் எழுதியதையும் விட்டதில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது, பிரிண்ட் எடுத்து வரச் சொல்லிச் சிவப்பில் திருத்தினேன். "ஐயா கை பட்டாத்தான் ஃபைல் நிக்கும்" என்று மேலதிகாரியே சொல்வார். எனக்கு அது போதுமாக இருந்தது.

2011-ல் ஓய்வு. அடுத்த வாரமே போன் வந்தது: "ஐயா, ஒரு ஃபைல் நிக்குது, கொஞ்சம் வர முடியுமா?" போனேன். டீ, வடை, ராஜ மரியாதை. நான்கைந்து மாதம் இப்படியே போய் வந்தேன். ஒரு நாள், என் நாற்காலிக்கு வந்திருந்த அந்தப் பெண் வாசல் வரை கூடவே வந்து, மெதுவாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கய்யா. நீங்க வந்தா எல்லாரும் உங்களைத்தான் பாக்குறாங்க. நீங்க வராம இருந்தா நான் தப்புப் பண்ணியாவது கத்துக்குவேன்."

அன்று பஸ்ஸில் வீடு வரும் வரை கோபம். வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சொன்னதுல என்ன தப்பு?" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு ஆபீசுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவள் ஊரான கன்னிவாடிக்கே வந்துவிட்டோம். அந்தச் செக்‌ஷன் மூழ்கிவிடவில்லை. நான் இருந்ததைவிட வேகமாக ஃபைல் நகர்கிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட எனக்குச் சில வருடம் பிடித்தது.

மே 25, கடைசி ஆட்டம். அகமதாபாத்தில் குஜராத்துக்கு எதிராகச் சென்னை 230 ரன். பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே, உர்வில் படேல், பிரெவிஸ் என்று சீசன் பாதியில் வந்து சேர்ந்த பையன்கள் விளாசினார்கள். தோனி மட்டையோடு இறங்கவே தேவைப்படவில்லை. 83 ரன்னில் வெற்றி.

மறுநாள் டீக்கடையில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கல்லூரிப் பையன்தான் கேட்டான்: "அப்ப தோனி போகணும்ங்கிறீங்களா மாமா?"

"அது அவர் முடிவு பண்ண வேண்டியதுப்பா. நம்ம விக்கெட் விழுந்தா விசில் அடிக்காம இருக்கிறது நம்ம கையில இருக்கு" என்றேன்.

கண்டக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிதான். ஆனா அடுத்த வருஷமும் அவர் இறங்கினா நான் விசில் அடிப்பேன் சார்" என்றார்.

என்ன சொல்ல? நானும் கை தட்டத்தான் செய்வேன்.