குரலுக்குப் பட்டா உண்டா?

செயற்கை நுண்ணறிவு என்றதும் நம் பகுதியில் சிறுசேரி சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த அறிவுக்குப் பேசக் கற்றுக் கொடுப்பது யாருடைய உழைப்பு? இதைப் பொதுவெளியில் விடாமல் பேசிவரும் ஒரு தொழில்முனைவோரைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: மனு சோப்ரா. டெல்லியின் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் படித்தார். நாடு திரும்பி, பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த விவேக் சேஷாத்ரியோடு சேர்ந்து 2021இல் 'கார்யா'வைத் தொடங்கினார். லாப நோக்கமற்ற நிறுவனம்.

கணினிக்குக் கன்னடம் புரிய வேண்டுமென்றால் கன்னடம் பேசும் ஏராளமானோரின் குரல் வேண்டும். கர்நாடகக் கிராமங்களில் பெண்கள் கைபேசியில் வரும் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். கூலி மணிக்குச் சுமார் 5 டாலர். நம் கணக்கில் 400 ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலையில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அது வராது. மிக ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகங்களுக்கும் முதலிடம். ஒருவர் சுமார் 1,500 டாலர் ஈட்டியதும் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும். பதிவை மறுபடி விற்றால் பேசியவருக்கும் பணம் உண்டு. 2023இல் டைம் இதழ் இதை எழுதியபோது உலகம் கவனித்தது.

கூலியைவிட அந்த மறுவிற்பனைப் பங்குதான் நம்மை யோசிக்க வைக்கிறது. செங்கல்பட்டுக்காரர்களுக்கு உரிமை என்றால் நிலம். நம் மக்களின் நிலையை 1891இல் அறிக்கையாக எழுதியவர் இந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அத்தனை தெளிவாக எழுதிய நிலமே கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்ட மாமல்லபுரம் அருகேயுள்ள காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள்.

சோப்ராவின் நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் கார்யா தருவது ஒரு நிறுவனத்தின் வாக்குறுதி. நாளை நிர்வாகம் மாறினால்? நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைப் பேசுகிறது. விற்ற பணத்தில் பேசியவருக்குப் பங்கு என்று ஒரு வரி கிடையாது. (சட்டம் இருந்தும் நிலம் போனது என்பது வேறு கதை.)

எங்கள் மாலை வகுப்பில் இதைச் சொன்னோம். பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம காலனிப் பேச்சு, குப்பத்துப் பேச்செல்லாம் அதுக்குப் புரியுமா? இல்ல, நாமதான் மாத்திப் பேசணுமா?" பதிவு செய்தால்தான் புரியும் என்றோம். "அப்போ நம்மகிட்டதான் வந்தாகணும்" என்றாள்.

வரட்டும். வருகிறவரிடம் கேட்க வேண்டியதை இப்போது அந்தப் பிள்ளைகளே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கு எவ்வளவு, பதிவு யார் பெயரில், மறுபடி விற்றால் எத்தனை பங்கு, ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா. அதன் ஒரு நகல் நம் கையில் வேண்டும் என்பதை அவர்கள் முதல் வரியாகப் போட்டிருக்கிறார்கள்.