செங்கல் ஏந்திய கைகள்

கைக்கு வந்த பந்தை நழுவவிட்டுப் பள்ளி மைதானத்தில் நகைப்புக்கு ஆளானவர் நாம். அதனாற்றானோ என்னவோ, அமெரிக்கக் காற்பந்து வீரர் ஜெரி ரைஸ்மீது நமக்கொரு தனிப்பற்று. (அவ்வாட்டத்திற் காலினும் கைக்கே வேலை மிகுதி; பெயரிட்டவரை என்னென்பது!)

மிசிசிப்பி மாநிலத்து மேசன் ஒருவரின் மகன் அவர். தமையன்மார் எறிந்த செங்கற்களை ஏந்தி ஏந்தி உரமேறியவை அக்கைகள். அதிகம் பேர்பெறாத மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிச் சாதனைகள் பல நிகழ்த்தி, 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணியிற் சேர்ந்தார். முதலாண்டிலேயே அக்கைகளிலிருந்து பந்து பன்முறை நழுவிற்று. சொந்த அணியின் இரசிகரே கூவி இகழ்ந்தனர். ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில், ஒரே ஆட்டத்திற் பத்துப் பந்துகளைப் பிடித்து 241 யார் தூரம் ஈட்டினார். இருபது பருவங்கள் ஆடி ஓய்ந்தபோது, அவர் பிடித்த பந்துகள் 1,549.

நாமோ, அன்றைக்குப் பின்னர் மைதானத்துப் பக்கமே போகவில்லை.