ஊரின் பெயரும் நாவின் வழக்கும்

நான் ஆங்கில ஆசிரியராகப் பணியேற்ற முதல் ஆண்டு. பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். டென்மார்க்கின் தலைநகர்ப் பெயர் வந்தபோது ‘கோபன்ஹேகன்’ என்றாள். நான் இடைமறித்தேன். “ஹேகன் அன்று, ஹாகன். அந்நாட்டவர் அப்படித்தான் சொல்வர்” என்றேன். வகுப்பு சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் திருத்திக்கொண்டு தொடர்ந்தாள். ஆனால், குரல் தாழ்ந்துவிட்டது. அவ்வாண்டு முழுவதும் அவள் தானாக முன்வந்து படிக்கவே இல்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தேன். 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனியர் வணிகத் தளம் அமைத்த ஊர் அது. 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் வெளியேறினர். அவர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அக்கோட்டையைக் காண டென்மார்க்கிலிருந்து ஒரு முதியவர் வந்திருந்தார். அவரோடு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது.

“தங்கள் ஊர் கோபன்ஹாகனா?” என்று பெருமிதத்தோடு வினவினேன். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார். “தங்கள் மொழியில் அதனை எவ்வாறு ஒலிப்பீர்கள்?” என்றேன். அவர் சொன்னது என் செவியில் ‘கோபென்ஹவ்ன்’ என்பதுபோல் விழுந்தது. ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டே இதழ்களை ‘ஓ’ எனக் குவித்தால் பிறக்கும் ஓர் உயிரொலி அதன் முதலில் இருந்தது. இறுதி அசையில் தொண்டை நொடிப்பொழுது இறுகித் தளர்ந்தது. நான் பலமுறை முயன்றும் அது என் நாவில் படியவில்லை.

வணிகர் துறைமுகம் என்பது அப்பெயரின் பொருள் என்று அவர் விளக்கினார். பிறகு, “நீங்கள் முதலில் சொன்னது ஜெர்மானியர் சொல்வதை ஒத்தது. ஆங்கிலத்தில் பேசும்போது நான் ஹேகன் என்றே சொல்வேன்” என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை. எனக்கோ அந்த மாணவியின் தாழ்ந்த குரல் நினைவுக்கு வந்தது. அந்நாட்டவர் ஒலிப்பு என்று நான் அன்று கற்பித்தது அந்நாட்டவர் ஒலிப்பே அன்று!

ஊருக்குத் திரும்பியதும் அகராதிகளைப் புரட்டினேன். ஹேகன், ஹாகன் ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் ஏற்கப்பட்ட ஒலிப்புகள் என அறிந்தேன். அந்நகருக்கு இலத்தீனில் ஹாஃப்னியா என்று பெயர். 1923இல் அங்கே கண்டறியப்பட்ட 72ஆம் தனிமத்திற்கு ஹாஃப்னியம் என்னும் பெயர் அதிலிருந்தே அமைந்தது. சுவீடன் மொழியில் அந்நகரின் வடிவம் வேறு. ஐஸ்லாந்து மொழியில் வேறு. ஒரு பெயர் மொழியெல்லை கடக்கும்போது, புகுந்த மொழியின் ஒலிகளை உடுத்திக்கொள்வது இயல்பே. சீனர் தம் நாட்டை ‘ஜோங்குவோ’ என்கின்றனர். நாம் சீனா என்கிறோம். இதில் இகழ்ச்சி ஏதும் இல்லை.

எனினும், எல்லாப் பெயர் மாற்றங்களும் ஒன்றல்ல. அன்று அம்முதியவர் “டிரான்கெபார் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். இவ்வூரார் எப்படிச் சொல்வர்?” என்று கேட்டார். தரங்கம்பாடி என்றேன். அலைகள் பாடும் ஊர் என்று அதற்குப் பொருள் சொல்வர் என்பதையும் கூறினேன். கோபன்ஹேகன் என்னும் வடிவம் பிறர் நாவில் மட்டுமே வாழ்கிறது. அந்நகரத்தார் தம் பெயரை இழக்கவில்லை. டிரான்கெபாரோ ஆண்டவர்களின் ஆவணங்களிலும் நிலப்படங்களிலும் ஏறி, ஊரார் வழங்கிய பெயரை மறைத்து நின்றது. ஊரார் தம் பெயரைத் திருப்பிக் கேட்டால், தயங்காமல் கொடுப்பதே முறை.

முதியவர் ‘தரங்கம்பாடி’ என்று சொல்ல நான்கைந்து முறை முயன்றார். ‘டரங்கம்படி’ என்ற அளவில் அது நின்றது. நான் திருத்தவில்லை. அவர் அதைச் சொல்ல விரும்பினார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த மாணவியை நான் மீண்டும் சந்திக்கவே இல்லை. இப்போது என் வகுப்பில் யாரேனும் ஓர் அயற்பெயரைப் படிக்கும்போது நான் குறுக்கிடுவதில்லை. படித்து முடித்தபின் எல்லோருமாக அகராதியைத் திறக்கிறோம். இரண்டு ஒலிப்புகள் இருந்தால் இரண்டையும் கரும்பலகையில் எழுதுகிறேன். அந்த ஊரார் சொல்வதையும் தேடிப் பார்த்து, மூன்றாவதாக அதன்கீழ் எழுதுகிறேன்.