தேவாரத்து மொட்டை மாடியில் ஆகாயப் பாடம்

மதுரையிலிருந்து போடிக்கு 2010 கடைசியோடு நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஓட ஆரம்பித்ததிலிருந்து அக்கா வீட்டுக்குப் போவது எனக்குச் சுலபமாகிவிட்டது. போடியில் இறங்கி பஸ் பிடித்தால் தேவாரம். மேற்கே சுவர் எழுப்பினாற்போல் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். இந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் விடியுமுன்பே தூக்குச் சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி அங்கே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பஸ்ஸில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம்.

இந்தத் தடவை நான் அங்கே பார்த்த அதிசயம் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருந்தது. ப்ளஸ் டூ முடித்த அக்கா மகள், வடகம் காயப் போட்ட வேட்டிக்குப் பக்கத்தில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு, விமானம் ஓட்டும் லைசென்சுக்குப் படிக்கிறாள்! சும்மா இல்லை, சகோதரிகளே. அத்தான் கறாராகச் சொல்லிவிட்டார்: "மொதல்ல எழுத்துப் பரீட்சைய பாஸ் பண்ணு. அப்புறம் தோட்டத்தைப் பத்திப் பேசலாம்." தோட்டம் என்றால், கிணற்றோடு இருக்கிற ஒன்றரை ஏக்கர். தை பிறந்தால் மாப்பிள்ளை பார்ப்பது என்று பெரியவர்கள் வேறு பேசி வைத்திருக்கிறார்கள். ஆக, அவளுக்குக் கையில் இருப்பது இந்த ஒரு பரீட்சைதான்.

முதல் படிக்குப் பெயர் பிரைவேட் பைலட் லைசென்ஸ். சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. அதற்கு கமர்ஷியல் லைசென்ஸ் என்று தனியாக உண்டு. படிக்க வேண்டியவை நாலு: ஆகாய விதிகள், வழி காணும் கணக்கு, வானிலை, விமானமும் எஞ்சினும். நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் தேறுவது. பக்கத்து விமான நிலையம் என்றால் மதுரைதான். ஆனால் பாடம் படிக்க விமானமே வேண்டாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. பறக்கப் போகுமுன்பே வீட்டிலிருந்து பாடத்தை முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேராம்.

நான் போனது ஆடி மாதம். காற்று என்றால் அப்படிக் காற்று! மலை உச்சியில் மட்டும் வெள்ளையாக ஒரு மேகம், பஞ்சுத் தலையணையை வைத்தது போல. காலையில் பார்த்தேன், மத்தியானமும் அதே இடத்தில் இருந்தது.

"இவ்வளவு காத்துல அது எப்படிடி நகராம நிக்குது?" என்றேன்.

"அது நிக்கல சித்தி. காத்து அதுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. அந்தப் பக்கம் ஏறும்போது மேகமாகுது, இந்தப் பக்கம் எறங்கும்போது கரைஞ்சுடுது" என்றாள்.

பிறகு விளக்கினாள். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்தில் மலைமேல் ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் ஈரமெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிடும். நம் பக்கம் இறங்கும்போது சூடாகிக் காய்ந்துபோகிறது. அதனால் ஆடியில் தேவாரத்துக்குக் கிடைப்பது காற்றும் சாரலும்தான். நல்ல மழைக்கு ஐப்பசி வரவேண்டும். பரம்பரையாக விவசாயம் பார்க்கிற வீட்டில் இது தெரியாததா? ஆனால் காரணம் தெரிந்து கேட்கும்போது மலையே வேறு மாதிரி தெரிந்தது. மலைக்கு இந்தப் பக்கம் இறங்கும் காற்று சின்ன விமானத்தைக் கீழே அமுக்கிவிடுமாம். அதனால் மலை முகட்டை நேருக்கு நேர் அணுகக் கூடாது. சாய்வாகப் போனால்தான் சரியில்லை என்றதும் சட்டென்று திரும்ப முடியும். புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருக்கும் சங்கதி இவளுக்கு மாடியிலிருந்தே தெரிகிறது.

வழி காணும் கணக்கில்தான் பிள்ளை திணறுகிறாள். ஆற்றைக் கடக்கிறவன் சேர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே பார்த்து நீந்துகிறானே, அதே கதைதான். பக்கவாட்டுக் காற்று எவ்வளவு தள்ளும் என்று பார்த்து மூக்கைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கென்று அப்பளம் போல வட்டமாக ஒரு கணக்குத் தட்டு வைத்திருக்கிறாள். நேரம்கூட நம் நேரம் கிடையாது; கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். ரேடியோவில் எழுத்துக்களைச் சொல்ல ஒரு தனிப் பாஷை. 'தேவாரம்' என்பதை டாங்கோ, ஹோட்டல், எக்கோ, விக்டர், ஆல்ஃபா, ரோமியோ, ஆல்ஃபா, மைக் என்று அவள் ஒப்பிக்க, அக்கா அடுப்படியிலிருந்தே திருத்துகிறாள்!

விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. இரண்டு விமானம் எதிரெதிரே வந்தால் இரண்டுமே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். எஞ்சின் இல்லாத பலூனுக்கும் கிளைடருக்கும் எஞ்சின் உள்ளது வழிவிட வேண்டும். நம் ரோட்டில் பெரிய வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தேவலை.

தாய்மார்களுக்கு உபயோகமானதும் அந்தப் பாடத்தில் இருக்கிறது. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறையும். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும்போது காது அடைக்கிறதே, அது இதனால்தான். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். மலை இறங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், அழாது. மூக்கடைப்பு இருந்தால் விமானி பறக்கவே கூடாதாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கு உயரத்தில் பிராண வாயு சீக்கிரம் போதாமல் போகும். இதைக் கேட்டதிலிருந்து அக்கா வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை வைக்கிறாள்.

எதிர் வீட்டு அப்பத்தா மட்டும், "பொம்பளப் புள்ள ஆகாசத்துல போயி என்னத்தப் பண்ணப் போகுது?" என்று அலுத்துக்கொண்டார். பேத்திக்குப் பதில் தயாராக இருந்தது. லாகூரில் 1936-ல் சரளா தக்ரால் புடவையோடு விமானம் ஓட்டி லைசென்ஸ் வாங்கியபோது வயது 21, வீட்டில் நாலு வயது மகள். உஷா சுந்தரம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் விமானம் கற்றார். 1949-ல் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறினார். 1951-ல் சென்னை அரசுக்காக வாங்கிய 'டவ்' விமானத்தை, கணவர் வி. சுந்தரத்தோடு லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அப்பத்தா கேட்டதெல்லாம், "அம்புட்டு நேரம் சோத்துக்கு என்ன செஞ்சாக?" என்பதுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஆசை இருந்தால், குறைந்தபட்சம் பத்தாம் வகுப்பும் 17 வயதும் வேண்டும். 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். மணிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கமர்ஷியலுக்கு ப்ளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் தேவை. மொத்தச் செலவு லட்சங்களில் போகும். ஆகவே நிலத்தை விற்குமுன் வைத்தியப் பரிசோதனையை முடியுங்கள். விமானத் துறை அங்கீகரித்த டாக்டர்கள்தான் செய்ய வேண்டும். கண்ணாடி போட்டால் தப்பில்லை. நிறக்குருடு இருந்தால் சிக்கல். இவளுக்கு அது முடிந்து, நல்லபடியாகச் சான்றிதழும் வந்துவிட்டது.

நான் கிளம்புகிற அன்று மாதிரித் தேர்வில் 64 வாங்கியிருந்தாள். இன்னும் ஆறு மார்க் அந்தக் காற்றுக் கணக்கில்தான் இருக்கிறது. சாயந்திரப் பாத்திரம் இனி பரீட்சை முடியும்வரை தன் பொறுப்பு என்று அக்கா சொல்லிவிட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்கு ஒரு டியூப் லைட் வாங்கிவந்து மாட்டினார்.