பூட்டிய பெருக்கியும் ஒட்டுநாடாவும்

கணனியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கமாகும். தாய்ப்பலகை வழங்கும் துடிப்பின் மீடிறன் ஒன்று. முறைவழியாக்கி அதனை எத்தனை மடங்காக்குகின்றது என்பது மற்றையது. 1998 ஓகஸ்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட செலரோன் 300ஏ-யில் இப்பெருக்கி 4.5 எனப் பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹேட்ஸ் துடிப்பில் அது 300 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கிற்று.

வசதி குறைந்த மாணவன் ஒருவனுக்கு அவ்வேகம் போதவில்லை. அவனுடைய தாய்ப்பலகை 100 மெகாஹேட்சையும் வழங்க வல்லது. எனினும் பெருக்கியையோ துடிப்பையோ கையால் மாற்றும் வசதி அதில் இல்லை. முறைவழியாக்கியின் பி21 என்னும் தொடுமுனையே 66 போதுமெனப் பலகைக்கு உணர்த்துவது. மாணவன் அம்முனையை ஒட்டுநாடாத் துண்டொன்றினால் மறைத்தான். பலகை 100-ஐத் தெரிந்தது. பூட்டு அப்படியே இருக்க, வேகம் 450 ஆயிற்று. அதே மாதம் வெளியான 450 மெகாஹேட்ஸ் பென்ரியம் 2-இன் விலை 669 டொலர். செலரோனின் விலையோ 149 டொலர்.

ஆயினும் அவன் அன்றே மகிழ்ந்துவிடவில்லை. வேகத்தோடு வெப்பமும் கூடும். எல்லாச் சில்லுகளும் அதனைத் தாங்குவதில்லை. தாங்காத கணனி நின்றுவிடுமாயின் நன்று. நில்லாது, பிழையான விடையை மெய்போலத் தருவதே அஞ்சத்தக்கது. ஆகவே, விடை தெரிந்த கணக்குகளை இரவு முழுவதும் இயக்கி, ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினான்.

சில்லின்மீது பொறித்த எண் அதன் ஆற்றலின் எல்லையன்று. ஆக்கியோர் தரும் உத்தரவாதத்தின் எல்லை. அதனைக் கடப்பவன் அவ்வுத்தரவாதத்தைத் தானே சுமத்தல் வேண்டும்.