அப்பாவின் வாளி

புளியஞ்சோலை,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. ஆனாலும் விடிந்தால் வாழைத் தோப்புக்குப் போகாமல் இருக்க மாட்டார். ஐயாற்றில் தண்ணீர் நூலாக ஓடுகிறது. பாறை எல்லாம் வெளியே தெரிகிறது. அப்படியும் சனி, ஞாயிறில் குளிக்க வரும் கூட்டம் குறையவில்லை. மலையிலிருந்து பலாப்பழம் இறங்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் வாசனை வந்தாலே, சுளையைப் பிய்த்துப் பிய்த்து நீ வயிற்றுவலியில் புரண்டது ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் எது சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று நீ வைத்துவிடுகிறாய். நேற்று ராத்திரியும் அப்படித்தான். நீ கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தையால் எனக்குத் தூக்கமே வரவில்லை. கருவாட்டில் குருணை மருந்தைக் கலந்து போட் கேபின் மேல் வைத்துவிடப் போகிறேன், ஒரே நாளில் காக்காய் எல்லாம் தீர்ந்துவிடும் என்றாயே, அந்த வார்த்தைதான்.

வேண்டாம்டா. அக்கா காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். குருணை மருந்து எப்படிக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கீழ்க்காட்டுப் பக்கம் ஒருவர் மயில் தொல்லை தாங்காமல் விதைக்கடலையில் மருந்தைக் கலந்து இறைத்துவிட்டார். காலையில் வரப்பெல்லாம் மயில்கள் தோகையோடு மண்ணில் கிடந்தன. அதோடு நிற்கவில்லை. செத்ததை இழுத்துப்போன தெருநாய் வாயில் நுரை தள்ளிச் செத்தது. வனத்துறை ஜீப் வந்து, அந்த மனிதர் இன்றைக்கும் கோர்ட்டுக்கு அலைகிறார். உன் போட் மேல் வைக்கிற கருவாட்டைக் காக்காய் மட்டும்தான் தின்னும் என்று யார் உனக்கு எழுதிக் கொடுத்தார்கள்? செம்பருந்து தின்னும். அப்பா கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாரே, அதே பருந்து. துறையில் திரியும் பூனை தின்னும். என் மருமகன் அந்தத் தளத்தில் உட்கார்ந்து விளையாடுகிறவன், கையை அப்படியே வாயில் வைப்பான். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கடன் வாங்கி அடித்த பெயிண்ட். பொங்கலுக்கு நான் வந்தபோது கேபின் கூரை கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது அது எச்சத்தால் சுண்ணாம்புக் காளவாய் மாதிரி ஆகிவிட்டது என்கிறாய். ஏரியல் வயரின் மேலுறையைக் காக்காய் கொத்தி உரித்திருக்கிறது, மடித்து வைத்த வலையை இழுத்துக் கிழித்திருக்கிறது, மிதவையைக் குத்திக் குத்தித் துருவியிருக்கிறது. யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கியதிலிருந்து நீ எத்தனை நாள் போட்டுக்குப் போனாய்?

அப்பாவுக்குத் தடைக்காலம் என்றால் 45 நாள். உனக்கு 61 நாள், ஜூன் 14 வரைக்கும். மற்ற மாதங்களிலும் திங்கள், புதன், சனி மூன்று நாள்தான் விசைப்படகு கடலுக்குப் போகிறது, மீதி நாலு நாள் கட்டித்தான் கிடக்கிறது. அந்த நாலு நாளும் அப்பா என்ன செய்வார்? விடியற்காலம் ஒரு வாளியையும் தேங்காய்நார்க் கட்டையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போவார். நாம் இருவரும் பின்னாலேயே ஓடுவோம். தொழில் இல்லாத நாளில் என்ன கழுவல் என்று அம்மா கத்துவாள். அவர் காதில் வாங்க மாட்டார். மனுஷன் கால் படாத போட்டில் பறவை கால் படும் என்பார். அப்போது எனக்கு அது ஒரு பேச்சாகத்தான் தெரிந்தது.

அவர் ஏன் விடியற்காலத்தில் கழுவினார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. பறவைக்கு மூத்திரம் தனியாகப் போவதில்லை. எச்சத்தில் வெள்ளையாக இருப்பதே அதுதான், யூரிக் அமிலம். அது தண்ணீரில் லேசில் கரையாது, அதனால்தான் மழை பெய்தாலும் கறை போவதில்லை. மத்தியான வெயிலில் பெயிண்ட் சூடேறி இளகும்போது காய்ந்த எச்சம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது அந்த இடம் வடுவாக நின்றுவிடும். ராத்திரி விழுந்ததை வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரோடு போகும். மூன்று வாரம் விட்டால் பெயிண்டோடுதான் வரும்.

இப்போது காய்ந்து கிடப்பதை உளியால் சுரண்டாதே. துடைப்பத்தால் கூட்டவும் கூட்டாதே. நீ கூட்டியதாகவும், அன்றைக்கே பிள்ளைக்கு இருமல் வந்ததாகவும் உன் வீட்டுக்காரி சொன்னாள். காய்ந்த எச்சத்தின் தூசி நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் நோய் வரலாம்டா. ஈரச் சாக்கை அதன் மேல் அரை மணி நேரம் விரித்துப் போடு. ஊறியதும் சோப்புத் தண்ணீர் ஊற்றி நாரால் மெல்லத் தேய். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் போட்டின் பக்கமே கொண்டுபோகாதே. கறையோடு பைபர் பளபளப்பையும் அது தின்றுவிடும். வழித்து எடுத்ததை எறியாமல் கொல்லைக்குக் கொண்டுவந்து, கஜா புயலில் போன மரங்களுக்குப் பதிலாக வைத்த தென்னங்கன்றுகளுக்குப் போடு. அதைவிட நல்ல உரம் கடையில் கிடைக்காது.

சுத்தம் செய்தாலும் திரும்ப வருமே என்பாய். எதற்கு வருகிறது என்று பார்த்தாயா? வலைக் கண்ணியில் சிக்கிய பொடிமீனுக்கும் நண்டுக் காலுக்கும்தான் வருகிறது. ஐஸ் பெட்டி ஓரத்தில் வழிந்து காய்ந்த மீன் ரத்தத்துக்கு வருகிறது. மீனை இறக்கிய கையோடு வலையை உதறி அலசி, தளத்தைக் கழுவி, கழிவை ஒரு கூடையில் அள்ளி அப்புறப்படுத்தினால் பாதித் தொல்லை அன்றைக்கே தீரும். நீயோ இறக்கியதும் ஏலத்துக்கு ஓடிவிடுகிறாய், பையன்கள் டீக்கடைக்கு ஓடிவிடுகிறார்கள். விருந்து வைத்துவிட்டு, வந்தவன் மேல் கோபப்படுகிறாய்.

மீதிப் பாதிக்கு வழி உன் கையிலேயே இருக்கிறது, தங்கூசி நரம்பு. கைப்பிடிக் கம்பிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் ஒரு நரம்பை வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டு. உட்கார வரும் காக்காய்க்கும் கொக்குக்கும் கால் வைக்க இடம் கிடைக்காது, தடுமாறி எழும்பிப் போய்விடும். கேபின் கூரை மேலும் ஒரு முழம் விட்டு ஒரு முழம் குறுக்கே கட்டு. கம்பத்து உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்குமே, அங்கே குச்சிகுச்சியாக நாலு மெல்லிய கம்பியை நிறுத்திவிடு.

தளத்தை மூடத் தார்ப்பாய் போடுவதாக இருந்தால் தட்டையாகப் போடாதே. நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்துக் கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டு, முன்னும் பின்னும் காற்று போக வழி விடு. அடைத்துக் கட்டினால் உள்ளே புழுங்கிப் பலகை இற்றுப்போகும். கிழிந்த தங்கூசி வலையைப் போர்த்தி வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. தொளதொள என்று கிடக்கும் நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் பறவையின் கால், சிறகு எல்லாவற்றையும் அறுக்கும். சிக்கிய ஒன்று கத்தினால் ஊர்க் காக்காய் முழுக்க உன் போட்டில்தான் கூடும். வலைதான் வேண்டுமென்றால் தடித்த நைலான் வலையை மேளத்தோல் போல இழுத்துக் கட்டு.

பளபளக்கும் ரிப்பன், பழைய சிடி, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் வாங்கித் தொங்கவிட்டேன், ஒன்றுக்கும் உதவவில்லை என்றாய். உதவும், நாலு நாளைக்கு. ஐந்தாம் நாள் அந்த ஆந்தைத் தலையிலேயே உட்காரும். இங்கேயும் அதே கதைதான். கொல்லிமலை மேலே சாமையும் தினையும் போடுகிறார்கள். கதிர் பால் பிடித்தால் கிளியும் குருவியும் வந்துவிடும். பொம்மை கட்டுகிறார்கள், ரிப்பன் கட்டுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். ஆனால் பரண் மேல் ஆள் இருந்தால்தான் கதிர் வீட்டுக்கு வரும். மாமாவோடு மேலே போயிருந்தபோது ஒரு பாட்டி பரணில் உட்கார்ந்து நாள் முழுக்க ஓஓ என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. வள்ளி தினைப்புனம் காத்த காலத்திலிருந்து அதற்கு மாற்று வரவில்லை போலிருக்கிறது. நீ கட்டுகிற ரிப்பனையும் தினம் ஒரு இடமாக மாற்று. மாற்ற நீ போய்த்தானே ஆக வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது, சைலன்சர் குழாய். ஒரு மாசமாக இஞ்சின் போடாமல் கிடக்கிறது. இது மைனா கூடு கட்டும் பருவம், அதற்கு இருட்டுப் பொந்து என்றால் உயிர். வைக்கோல், பிளாஸ்டிக், நூல் என்று கிடைத்ததை எல்லாம் திணிக்கும். நீ ஜூன் 14 ராத்திரி அவசரத்தில் சாவியைத் திருப்பினால் புகை போக வழி இருக்காது. உள்ளே இருப்பது காய்ந்த புல், தீப்பிடிக்கவும் செய்யும். டார்ச் அடித்துப் பார். காலியாக இருந்தால் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கம்பியால் கட்டிவிடு. கட்டியதை மறக்காமல் இருக்க சாவியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து வை. உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் கை வைக்காதே. முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஐந்தாறு வாரம் ஆகும். இப்போது மே மாசம்தானே, நீ கடலுக்குப் போகும் சமயத்தில் அதுவும் பெரும்பாலும் போய்விடும். சிவகங்கைப் பக்கம் பொத்தக்குடியில் 2020-இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது என்று, ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு போடாமல் இருட்டில் இருந்தது. பேப்பரில் படத்தோடு வந்ததே. உனக்குச் சில நாள் பொறுக்க வேண்டிவந்தாலும் பொறுத்துக்கொள்.

அப்பா பறவையை விரட்டுவார், அடித்து நான் பார்த்ததில்லை. ஐப்பசியில் கடற்காகங்கள் வந்து இறங்கினால் "வடக்கத்தி விருந்தாளி வந்தாச்சு" என்பார். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, அங்கே பனி இறுகும்போது நம் கரைக்கு வருகிறது என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். இமயமலையைத் தாண்டி நம் மல்லிப்பட்டினத்துக்கு வந்து அப்பா உதறிய வலையில் பொடிமீன் பொறுக்கியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பி, நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். காக்காய்க்காக மட்டும் எழுதவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா அடித்து ஓய்ந்தபோது துறையில் போட்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்ததையும், நம் போட்டின் ஒரு பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்ததையும் நீதான் எனக்குச் சொன்னாய். அதற்கப்புறம் இந்தப் போட்டை வாங்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறாயாம், யாரிடமும் பேசுவதில்லையாம். வட்டிக்காரன் கண்ணில் படக்கூடாது என்று துறைப்பக்கமே போவதில்லையாம். உன் வீட்டுக்காரி என்னிடம் சொன்னதற்காக அவளைத் திட்டாதே. அவள் வேறு யாரிடம் சொல்லுவாள்?

கடனைப் பற்றி மாமாவிடம் பேசியிருக்கிறேன். ஆடியில் வாழை வெட்டு இருக்கிறது. முழுசாக இல்லாவிட்டாலும் இந்த வருஷ வட்டிக்கு ஒரு வழி செய்கிறேன் என்று அவரே சொன்னார். நீ கூச்சப்படாதே. நான் அங்கே பிறந்தவள், அந்த மீனைத் தின்று வளர்ந்தவள். கொல்லிமலை மேலே அறப்பளீசுவரர் கோயில் ஆற்றில் மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிடுகிறார்கள். நான் ஒவ்வொரு தடவை போடும்போதும் உன் பெயரைத்தான் சொல்லிப் போடுகிறேன்.

திங்கள்கிழமை நம்மூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றி ஒரு வண்டி வருகிறது. அதில் இரண்டு பலாப்பழமும் ஒரு படி மலை மிளகும் ஒரு கட்டுக் கயிறும் கொடுத்து அனுப்புகிறேன். மிளகு பிள்ளையின் இருமலுக்கு. நாளைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் அவனையும் தோளில் தூக்கிக்கொண்டு துறைக்குப் போ. அப்பாவின் வாளி கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கும், பிடியில் துருவிருந்தாலும் ஓட்டையில்லை, போன தடவை நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். குழாயைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. உள்ளே கூடு இருந்தால் முட்டை எத்தனை என்று மருமகனையே எண்ணிச் சொல்லச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா